மிச்சம் பிடித்த மருந்து

அந்த மனிதரை எல்லோரும் 'மிச்சம்' என்றுதான் கூப்பிடுவார்கள். தீப்பெட்டியிலிருந்து தாம்புக்கயிறு வரை எதையும் முழுசாகத் தீர்த்த பழக்கம் கிடையாது. இருந்துவிட்டுப் போகட்டும். மாட்டுக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கையும் மிச்சம் பிடித்தால் கால்நடை டாக்டரம்மா என்னதான் செய்வாள்?

ஐந்து நாள் ஊசிக்கு மருந்து கொடுத்தனுப்பினால், இரண்டாம் நாள் மடிவீக்கம் வற்றியதும் நிறுத்திவிடுவார். மீதி பரணுக்குப் போகும். இரண்டு தடவை இதே கதை. மூன்றாம் தடவை வீக்கம் வந்தபோது அந்த மருந்து எடுபடவே இல்லை. ஒரு காம்பு செத்துப்போனது, இன்னொன்று கல்லாக வீங்கி நின்றது. வீட்டில் இருப்பதே ஒரு கறவை. இந்தக் காம்பும் போனால் மாடு அடிமாட்டுக்குத்தான்.

"இந்தத் தடவை வேற மருந்து. பாட்டில் எங்கிட்டயே இருக்கும், நானே வந்து போடறேன்" என்றாள். "பால்ல மருந்து இறங்கும். ஒரு சொட்டு சொசைட்டிக்கு ஊத்தக் கூடாது. புரிஞ்சுதா அண்ணே?"

"நீங்க சொன்னா மறுபேச்சு உண்டா டாக்டரம்மா!"

விடிந்ததும் வீட்டைவிட்டுக் கிளம்பி, வண்டி ஏறாத மலைமேட்டில் ஐந்து நாள் மூச்சிரைக்க ஏறினாள். முட்டி கழன்றுவிடும் போலிருந்தது. ஐந்தாம் நாள் திரும்பி வந்தால் மாமியாரின் புலம்பல்.

"நாலு நாளா தயிர் உறைய மாட்டேங்குது. பாத்திரத்தை ஒழுங்கா கழுவுனியா நீ?"

"குளிரா இருக்கும் அத்தை" என்று சொல்லிவிட்டு, எரிச்சலோடு டீயைக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

ஆறாம் நாள் மடி மெத்தென்றிருந்தது. மூன்று காம்பிலும் பால் சுத்தமாக வந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னும் நாலு நாள் பாலை விக்காதீங்க. இத்தனை நாள் கீழதானே கொட்டுனீங்க?"

"கொட்டறதா? மனசு வருமா?" மிச்சம் பதறினார். "வீங்காத காம்புல கறந்து தினம் உங்க வீட்டுக்குத்தான் குடுத்தனுப்பினேன். இனாமாத்தான். உங்ககிட்ட சொன்னா வாங்க விடமாட்டீங்கன்னு உங்க மாமியார்தான் மூச்சு விடலை."

டாக்டரம்மா தீவன மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தாள். மருந்து இறங்கிய பால் எங்கே உறையும்? உறையாத தயிரும் தினம் குடித்த டீயும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. கொட்டச் சொல்லித் தனியாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அந்த மலையில் ஒருநாள் விடாமல் மருந்து முழுவதையும் உள்ளே தள்ளியது இரண்டே தரப்பு: அந்த மாடும், அவள் குடும்பமும்.