முன்னுரை எழுதிய பேராசிரியை

தம்பானூரில் ஒரு ஹோட்டலின் மாடி ஹாலில் அந்தப் புத்தகம் வெளியானபோது, பேராசிரியை முதல் பிரதியைப் பிடித்திருந்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அட்டையில் ஒரு பெண்ணின் வெற்று முதுகு. போட்டோகிராபர் நெருங்கியதும் அவர் புத்தகத்தைத் திருப்பி, அந்த முதுகைத் தன் மார்போடு சேர்த்து மறைத்துக்கொண்டார். படத்தில் விழுந்தது பின்னட்டையும் அவருடைய புன்னகையும்தான்.

பெண்களின் காமத்தைப் பெண்களே பெண்களுக்காக எழுதிய சிறுகதைகளின் தொகுப்பு அது. அவர் தொகுப்பாசிரியர், பக்கம் வடிவமைத்து மெய்ப்பு பார்த்தது நான். கதை கேட்டுக் கூட்டிய கூட்டத்தில், "புனைபெயரெல்லாம் கோழைகளுக்கு. ஆம்பளைங்க பேர் போட்டுத்தானே எழுதுறாங்க? நமக்கு மட்டும் என்ன பயம்?" என்று முழங்கினார். முன்னுரையிலும் அதையே எழுதினார். வித்துராவிலிருந்து வந்திருந்த டீச்சர் அதை அப்படியே நம்பிவிட்டார். போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தனியார் பள்ளியொன்றில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தவர். மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பிவிட்டு, தனக்கு எது பிடிக்கும் என்று கணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒருத்தியின் கதை அவருடையது. கூச்சமே இல்லாமல் சிரிக்கும் கதை.

பேராசிரியையும் ஒரு கதை எழுதினார், புனைபெயரில். "தெரிஞ்ச ஒரு பொண்ணு எழுதினது, கேட்டோ" என்று மலையாளம் கலந்து சொல்லித்தான் எனக்கு அனுப்பினார். மறுவாரமே, "என் கதையிலே அந்த நிலா வர்ற பாரா இருக்கே" என்று வாய்தவறித் திருத்தம் சொன்னார். நிலவும் தாமரையும் மூச்சு முட்டும் கதை. கடைசியில் நாயகி தலைகுளித்து, விளக்கேற்றி, அழுகிறாள்.

புத்தகம் வந்த சில நாளில், டீச்சரின் கதைப் பக்கத்தை யாரோ ஒரு பெற்றோர் படமெடுத்துப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நிர்வாகம் விளக்கம் கேட்டது. பள்ளிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்க, டீச்சரும் நானும் பேராசிரியையின் வீட்டுக்குப் போனோம். அவர் கிரில் கதவைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே, "நான் பாஷை மட்டும்தான் பார்த்தேன். எழுதினதுக்கு அவங்கவங்கதான் பொறுப்பு. எனக்கு இதெல்லாம் வாசிக்கவே அருவருப்பு" என்றார். கூட்டத்தில் முழங்கிய அதே வாய்.

ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "அந்தப் புனைபெயர் யாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடட்டுமா சேச்சி?" என்று கேட்டேன்.

"வேண்டாம் மோளே. யார் எழுதினதுன்னு தெரிஞ்சு ஆளுங்க அந்த நிலாக் கதையைத் தேடிப் படிச்சா நம்ம புக்குக்குத்தான் மானக்கேடு" என்று சிரித்தார். அடுத்த நிமிடமே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேலை போயிற்று. கடைசி நாளில் அவரை அழைத்துப்போக அவர் கணவர் பைக்கோடு பள்ளி வாசலில் நின்றார். "கதையில வர்றது சார்தானா?" என்று வாட்ச்மேன் இளித்தான். "பின்னே வேற யாரு?" என்றபடி மனைவியின் பையை வாங்கி மாட்டிக்கொண்டார் அவர்.

இப்போது டீச்சர் வீட்டில் டியூஷன் எடுக்கிறார். இரண்டாம் தொகுப்புக்கு அவர்தான் தொகுப்பாசிரியர். விரும்புகிறவர்கள் புனைபெயரில் எழுதலாம் என்று சொல்லிவிட்டார். பேராசிரியையோ கருத்தரங்குதோறும் 'துணிச்சலின் முன்னோடி' என்று பொன்னாடை வாங்கிக்கொண்டிருக்கிறார். புத்தகத்தைப் பாராட்டும் பக்கம் காற்று திரும்பிவிட்டதல்லவா? போன மாதம் எங்களுக்கு ஒரு கதை அனுப்பினார், சொந்தப் பெயரில், புகைப்படத்தோடு. பக்கத்துக்குப் பக்கம் ஆசை என்ற சொல் இருந்தது. ஆசைதான் எங்கும் இல்லை. டீச்சர் முழுதாகப் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்.

அன்றே பேராசிரியை என்னை போனில் அழைத்து, "என் கதையைத் தள்ள அவளுக்கு என்ன யோக்கியதை?" என்று கத்தினார். கத்தி முடிக்கட்டும் என்று போனை மேஜைமேல் வைத்துவிட்டு, நான் அடுத்த கதைக்கு மெய்ப்பு பார்க்கத் தொடங்கினேன்.