சூடு என்று நினைத்தோம்

ஹைதராபாத்துக்கு வந்து ஹப்சிகுடாவில் குடியேறிய சில வருடங்களில், ஒரு கோடைகாலத்தில் நடந்தது இது. காலையில் பல் துலக்கித் துப்பினால் வாஷ்பேசினில் ரத்தம். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் வாய்க்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

ஈரோட்டுக்காரர்களான எங்களுக்குக் கண் எரிந்தாலும் வாய் வெந்தாலும் ஒரே காரணம்தான்: சூடு. போதாததற்கு இந்த ஊர் வெயில், பக்கத்து வீட்டிலிருந்து வரும் ஆவக்காய் ஊறுகாய் வேறு. “உனக்கு ஒடம்புல சூடு ஏறிப்போச்சு. நீ பேசாம இரு, நான் பாத்துக்கறேன்” என்றார் கணவர். மல்லாபூர் தொழிற்சாலைக்கு வேலைக்குக் கிளம்பும் முன் அவரே ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி, வெல்லம் கரைத்து ஆறவைத்துவிட்டுப் போவார். வெல்லம்தானே, சீனி இல்லையே என்று இருவருக்கும் ஒரு தைரியம். கல்யாணமான நாளிலிருந்து அடுப்புப் பக்கமே வராத மனிதர் எனக்காகக் கஞ்சி காய்ச்சுகிறார் என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சொட்டு விடாமல் குடித்தேன்.

ரத்தம் நிற்கவில்லை. பிரஷ் பட்டால்தானே வருகிறது என்று அதையும் விட்டுவிட்டு, விரலால் பட்டும் படாமல் தேய்த்தேன். ஈறு வீங்கிப் பற்கள் ஆட ஆரம்பித்தன. ஆடும் பல்லால் சப்பாத்தியைக் கூடக் கடிக்க முடியாமல் போனதில், இரவுச் சாப்பாடும் கஞ்சி என்றாகிவிட்டது.

என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. நாங்கள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறவள். ஒரு சாயங்காலம் அவளுக்குத் தலை பின்னிவிட்டு, முத்தம் கொடுக்கக் குனிந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஒத்தும்மா, வாசன வஸ்தோந்தி” என்று விலகிப் போனாள். வேண்டாம்மா, நாற்றமடிக்கிறது என்கிறாள். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பெற்ற பிள்ளைக்கே என் வாய் அருவருப்பாகிவிட்டதே என்று அவமானமாக இருந்தது.

மறுநாளே தார்நாகாவில் ஒரு பல் டாக்டரிடம் போனோம். அந்த அம்மா வாயைப் பார்த்ததுமே கேட்டது சர்க்கரையைப் பற்றித்தான். சோதித்தால், எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. சர்க்கரை ஏறினால் வாயில் இருக்கும் கிருமிக்குக் கொண்டாட்டம். கிருமி ஈறைப் பிடித்துவிட்டால் அதுவே சர்க்கரையை இறங்க விடாது. இரண்டும் சேர்ந்து பல்லைத் தாங்கும் எலும்பையே தின்றிருக்கிறது என்றார். கஞ்சிக் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கீழ் முன்வரிசையைக் காப்பாற்ற முடியாது என்றார். இவ்வளவு ஆகும்வரை வலிக்கவே இல்லையா என்று கேட்டார். நானும் யோசித்துப் பார்த்தேன். ஒருநாள் கூட வலிக்கவில்லை.

சர்க்கரை ஓரளவு இறங்கிய பிறகு பற்களைப் பிடுங்கினார்கள். வெளியே வந்தபோது கணவர் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டார். “என்ற கையாலயே காச்சிக் குடுத்து, உன்ற பல்லைக் கெடுத்துப்போட்டனே” என்று, போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதார். உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டும். என் வாய் நிறையப் பஞ்சு. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது.

இப்போது கட்டுப்பல் வைத்திருக்கிறேன். மிச்சமிருப்பதில் இன்னும் இரண்டு ஆடுகின்றன. சர்க்கரை ஒரு மாதம் இறங்குகிறது, அடுத்த மாதம் ஏறுகிறது. போன எலும்பு இனி வளராது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மகள் இப்போது பக்கத்தில் வந்து படுத்தால் கூட நான் வாயை மூடிக்கொண்டுதான் படுக்கிறேன்.

தலையோ காலோ வலிக்கிற நாளில் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிடுகிறேன். ஒன்றுமே வலிக்காத நாளில்தான், உள்ளே எது சத்தமில்லாமல் அரித்துக்கொண்டிருக்கிறதோ என்று இன்றும் விழித்துக் கிடக்கிறேன்.