முன்னாலேயே வந்துவிட்ட மாமன்

நாங்கள் மூவரும் மதுரையில் வந்து இறங்கியது ஒரு ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை. நாளையும் கிழமையையும் குறித்து வைப்பது எனக்குப் பழக்கம். கரக்பூரில் ஏறும்போது மழை மூட்டமாக இருந்ததையும், இங்கே இறங்கும்போது காலை வெயிலிலேயே நடைமேடை சுட்டதையும் அன்றே எழுதி வைத்தேன். கூடவே, ஆட்டோக்காரர் எங்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டே சொன்னதையும்: "பேச்சப் பாத்தா தமிழ் ஆளுதான். அப்ப சொந்த ஊருக்கே வந்துட்டீங்க."

அடுத்த சில வாரங்களில் இதை எல்லோரும் சொன்னார்கள். அலுவலகத்தில் சொன்னார்கள், கேஸ் இணைப்பு மாற்றப் போன இடத்தில் சொன்னார்கள், மகளைச் சேர்த்த பள்ளியில் சொன்னார்கள். என் தாத்தா ரயில்வே வேலைக்காக வங்காளத்துக்குப் போனவர். அப்பா அங்கே பிறந்தார். நானும் அங்கேதான். வீட்டில் தமிழ் பேசினோம், தபாலில் தமிழ்ப் புத்தகங்கள் வரவழைத்துப் படித்தோம். என் மனைவி அதே ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த தெலுங்குப் பெண். நிறுவனம் என்னை மதுரைக்கு மாற்றியபோது நாங்கள் ஊருக்குத் திரும்பவில்லை, ஊரை விட்டுக் கிளம்பினோம். ஆனால் இதையெல்லாம் கேஸ் ஏஜென்சி வரிசையில் நின்று விளக்க முடியுமா?

விளக்க நேரமும் இல்லை. ஊர் அவ்வளவு வேகமாக எங்களை இழுத்துக்கொண்டது. திருநகரில் ஒரு மாடிவீடு கிடைத்தது. மனைவி ஒரே மாதத்தில் காய்கறிக்காரரிடம் விலை குறைக்கும் அளவுக்குத் தமிழ் கற்றாள். ஒன்பதாம் வகுப்பு மகள் "எம்புட்டு", "அம்புட்டுத்தான்" என்று பேச ஆரம்பித்தாள். எனக்கோ ஃப்ளெக்ஸ் பேனர்கள். இந்த ஊரில் கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுதல் எதுவானாலும் தெருவில் ஆளுயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் நிற்கும். நடுவில் விசேஷத்துக்கு உரியவர், சுற்றிலும் மாமன் மச்சான், நண்பர்கள், ஒவ்வொருவர் படத்துக்கும் கீழே ஒரு பட்டப்பெயர். காளவாசல் சிக்னலில் பேருந்து நிற்கும்போதெல்லாம் நான் அவற்றைச் செய்தித்தாள் போலப் படித்தேன். யாருக்கு யார் என்ன முறை என்று மனத்துக்குள் வரைபடம் போட்டுப் பார்ப்பேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டதும் உண்டு.

ஒரே ஒரு குறை. இங்கே எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறை. வீட்டுக்காரருக்குக் காளவாசலில் டயர் கடை. டீ கொண்டுவருபவர் அவருக்கு மாப்ள, பஞ்சர் ஒட்ட வருபவர் மாப்ள, கடன் கேட்டு வருபவரும் மாப்ள. நான் மட்டும் சார். "என்னையும் அண்ணேன்னு கூப்பிடலாமே" என்று ஒருமுறை கேட்டேன். "அதெப்படி சார்" என்று நகர்ந்துவிட்டார்.

அவர் மனைவி ஒரு மிஷன் பள்ளியில் டீச்சர். கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், இவரை விரும்பித் திருமணம் செய்துகொண்டவர். அன்றிலிருந்து அவருடைய இரண்டு அண்ணன்களும் பேசுவதில்லை. கீழ்வீட்டில் அவர்கள் இருவர், மூன்று வயது மகன், டீச்சரின் மாமியார்.

ஐப்பசி அடைமழையில், ஒரு ஞாயிறு மாலை, டீச்சர் குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு மாடிக்கு வந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

அதுவரை அவருக்கும் நான் சார்தான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"தையில மகனுக்கு மொட்டை போட்டுக் காது குத்துறோம். சோழவந்தான் பக்கம், இவுக குலசாமி கோயில்ல. மடியில உக்கார வைக்கத் தாய்மாமன் வேணும்."

"உங்க அண்ணன்கள்..."

"நேர்ல போய்ச் சொன்னேன். ரெண்டு வீட்டுலயும் கேட்டைத் திறக்கல." முந்தானையில் கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டார். "அத்தை பூசாரி மடியில வச்சுக் குத்திக்கலாங்குறாக. அப்பா பக்கம் நூறு பேரு வந்து நிப்பாக. என் பக்கம் ஒரு மடிகூட இல்லன்னா, நாளைக்கு இவன் வளந்து கேட்டா நான் என்ன சொல்ல? அதுக்குக் காதே குத்தாம விட்டுருவேன்."

அவர் முடிப்பதற்குள் நான் சரி என்றேன். அவர் இறங்கிப் போனதும் மனைவி கேட்டாள்: "என்னென்ன செய்யணும்னு கேட்டீங்களா?"

"மடியில் உட்கார வைக்கணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் இல்லை என்பது மறுநாள் காலை டீச்சரின் மாமியார் மூச்சு வாங்க மாடியேறி வந்தபோது தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, மாமன்னா ஒரு நாள் வேலை இல்ல. சீர் கொண்டு வரணும். நாளைக்கு அவன் கல்யாணத்துக்கும் முன்னால நிக்கணும். நடுவுல ட்ரான்ஸ்பரு கிரான்ஸ்பருன்னு ஓடிறக் கூடாது."

"ஓட மாட்டேம்மா."

அவர் பார்வை என் மகள் மேல் திரும்பியது. "அப்ப இவ என் பேரனுக்கு முறைப்பொண்ணு."

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பத்தா, அவனுக்கு மூக்குச் சிந்தவே தெரியாது."

"நீ சிந்திவிடு. முறைப்பொண்ணு பின்ன எதுக்கு இருக்கா?"

கார்த்திகையும் மார்கழியும் எனக்குச் சீர் வேலையிலேயே போயின. தாய்மாமன் சீரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அலுவலகத்தில் நாலு பேரிடம் விசாரித்தேன். நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டேன். வெள்ளி அரைஞாண், பட்டுச் சட்டை, சின்ன வேட்டி, தங்கக் கடுக்கன், மாலை, பழம், தேங்காய், கற்கண்டு. பொங்கலுக்கு அடுத்த வாரம் வீட்டுக்காரர் என் புகைப்படம் ஒன்று கேட்டார். அலுவலக அடையாள அட்டைக்கு எடுத்ததை அனுப்பினேன். இரண்டு நாளில் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் நின்றது. என் தலையை வேறு யாருடைய உடம்பிலோ பொருத்தியிருந்தார்கள். அந்த உடம்பு வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்னால் ஒரு காளை வர, நடந்து வந்தது. கீழே கொட்டை எழுத்தில்: தாய்மாமன், கரக்பூர். நான் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டேன். மகள் தெரியாதவள் போல எதிர்ப்பக்கமாக நடந்து போனாள்.

விசேஷம் தை மாத ஞாயிற்றுக்கிழமை. எதிலும் தாமதமாகக் கூடாது என்று, விடிந்ததும் கிளம்பிய வீட்டுக்காரர் வேனிலேயே நாங்களும் ஏறிக்கொண்டோம். சீர்ப் பொருட்களை இரண்டு பைகளில் கட்டி அவர்களுடைய பாத்திரங்களுக்கு நடுவே வைத்தேன். சோழவந்தானைத் தாண்டி, வாய்க்கால் ஓரம், வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே இருந்தது கோயில். நாற்காலி இறக்கினேன், பந்தலுக்குக் கயிறு பிடித்தேன், பிறகு சமையல் செய்யும் இடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். கண்ணில் நீர் வழிந்தது. அவ்வளவு உற்சாகமாக நான் வெங்காயம் உரித்ததே இல்லை.

பந்தல் நிறைந்தது. ஆசாரி வந்துவிட்டார், முடி எடுப்பவரும் வந்துவிட்டார். அப்போதுதான், முதல் நாளே வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்த டீச்சரின் மாமியாரின் குரல் வாசலில் கேட்டது.

"மாமன் சீர் கெளம்பிருச்சான்னு போன் போட்டுக் கேளுங்கடா."

"யாருக்குப் போடுறது?" என்றார் ஒருவர். "மாமன் இந்தா, வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்காரு."

பந்தலே என் பக்கம் திரும்பியது. நான் கத்தியோடு எழுந்து நின்றேன்.

"எப்ப வந்தாரு?"

"நம்ம வேன்லதான் வந்தாரு."

"சீரு?"

"அண்டாவுக்குப் பக்கத்துல பையில இருக்கு" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். "வீட்டோட மாப்பிள்ளை கேள்விப்பட்டிருக்கேன். வீட்டோட மாமன இப்பத்தான் பாக்குறேன்." இன்னும் நிறையப் பேர் சிரித்தார்கள். படித்த எதிலும் இது இல்லை. விசாரித்த நாலு பேரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் சொல்வார்கள்? சீர் வெளியிலிருந்து, மேளத்தோடு வரவேண்டும். விசேஷ வீட்டார் வாசலில் நின்று எதிர்கொண்டு அழைக்கவேண்டும். நானோ விசேஷ வீட்டாரோடு சேர்ந்து வந்து, அவர்களுடைய வெங்காயத்தையும் உரித்துவிட்டேன்.

"சீர் வராம மாமன்னு எப்படி உக்கார வைக்கிறது?" என்றார் வீட்டுக்காரரின் சித்தப்பா. "நேரம் போகுது. பூசாரியவே கூப்பிட்டுருவோம்."

டீச்சர் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு தூணருகில் நின்றார். பையனை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மாமியார் என் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, உங்களுக்கு எந்த ஊரு?"

ஏழு மாதமாக எல்லோரும் எனக்குப் பதில் சொல்லிக்கொடுத்த கேள்வி அது. முதல்முறையாக ஒருவர் என்னைக் கேட்டார்.

"கரக்பூர்" என்றேன்.

"அங்கருந்து எதுல வருவீக?"

"ரயிலில்."

"அப்ப சோழவந்தான் ஸ்டேஷன்லருந்து வாங்க. வந்துட்ட மாமன வரவேற்க முடியாது. வார மாமனத்தான் வரவேற்கலாம். எந்திரிங்க, கையக் கழுவுங்க." பிறகு சித்தப்பாவிடம் திரும்பி, "பூசாரி இருக்கட்டும். என் மருமக வீட்டுச் சீர் ரயிலேறிருச்சு" என்றார்.

பூசாரி மடி என்று முதலில் சொன்னவரே அவர்தான். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. கையெல்லாம் வெங்காயம்.

ஆனால் சீர்வரிசை தூக்க மூன்றே பேர்தான் இருந்தோம். தட்டுக்கும் ஆளுக்கும் எங்கே போவது என்று சீர்ப் பைகளோடு வேன் பக்கம் ஓடும்போது, எதிரே இன்னொரு வேன் வந்து நின்றது. டீச்சரின் பள்ளியிலிருந்து ஆசிரியைகள், ஞாயிறு ஆராதனை முடித்து அப்படியே வந்திருந்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். தலைமையாசிரியை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"நாங்க யார் பக்கம்?"

"டீச்சர் பக்கம்."

"அப்ப இறங்கவே கூடாது. டிரைவர், வண்டியத் திருப்புங்க."

"மேடம், சாமி கோயிலுக்குத் தட்டு..." என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் தயங்கினார்.

"பழம் தூக்குறோம். அதுல என்ன? வாசல் வரைக்கும் வருவோம். வாசல்ல நம்ம பிள்ளை நிக்கிறா."

சோழவந்தான் ஸ்டேஷன் வாசலில் நாங்கள் இறங்கினோம். கடைத்தெருவில் வெற்றிலை கவுளி கவுளியாக வாங்கினோம். இனிப்புக் கடைக்காரர் நாங்கள் விளக்கியதைக் கேட்டுச் சிரித்தபடி தன் தட்டுகளையே கொடுத்தார். ஆசிரியைகள் பரிசாகக் கொண்டுவந்த பிளம் கேக்கும் ஒரு தட்டில் ஏறியது. "சீர்ல கேக்கா?" என்றாள் மகள். "மாமன் வங்காளத்துலருந்து வாராரு. அங்க என்ன வழக்கமோ யாருக்குத் தெரியும்?" என்றார் தலைமையாசிரியை.

ஊர் எல்லையில், கோயிலிலிருந்து மாமியார் அனுப்பிய உறுமி மேளம் காத்திருந்தது. என் கழுத்தில் மாலை விழுந்தது. முதல் அடி விழுந்ததும் கால் தானாக நடந்தது. முன்னால் மனைவி, அவள் தட்டில் பட்டுச் சட்டையும் அரைஞாணும். பின்னால் ஞாயிற்றுக்கிழமைப் புடவைகளில் ஆசிரியைகள். கொடிக்கால் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் அங்கே கட்டியிருந்த ஃப்ளெக்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அந்தா வாராருப்பா, கரக்பூர் மாமன்."

"காளையக் காணோம்?"

"ரயில்ல ஏத்த விட்டுருக்க மாட்டான்."

கோயில் வாசலில் மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றார். என்னை வாழ்நாளில் முதல்முறை பார்ப்பவர் போல அப்படி ஒரு முகம்.

"வாங்க வாங்க. பயணமெல்லாம் சௌரியமா? எப்பக் கெளம்புனீக?"

"ஜூன் மாசமே கெளம்பிட்டோம்மா" என்றேன்.

அவர் முகம் அசையவில்லை. "தூரம்தான்" என்று சொல்லி ஆரத்தி சுற்றினார்.

டீச்சர் அழுதுகொண்டிருந்தார். தலைமையாசிரியை தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, "பிள்ளையக் கொண்டு போய் மாமன் மடியில உக்கார வை. அப்புறம் அழலாம்" என்றார்.

பையன் மடியில் ஏறியதும் என் கண்ணாடியைப் பிடுங்கினான். முடி இறங்கும்வரை ஒருவழியாகப் பொறுத்தான். ஆசாரி முதல் காதைக் குத்தியதும் போட்ட கூச்சலில் உறுமி மேளமே நின்றுவிட்டது. என் இரண்டு காதுகளையும் பிடித்துத் திருகிக்கொண்டு "மாமா, மாமா" என்று கதறினான். மாடிவீட்டு அங்கிள் என்றுதான் அதுவரை கூப்பிட்டுக்கொண்டிருந்தான். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. டீச்சர் எனக்குப் பின்னால் நின்று அவன் மொட்டைத் தலையில் சந்தனம் தடவினார். ஒருமுறை நிமிர்ந்து சாலையைப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

பந்தியில் வீட்டுக்காரர் வாளியோடு என் இலைக்கு வந்தார்.

"மச்சான், நல்லிய எடுத்துவைக்கவா?"

நான் ஒரு நொடி யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"போதும் மாப்ள" என்றேன்.

"போதுங்காதீங்க. மாமனுக்குக் கோவிச்சுக்கிட்டுப் பாதிப் பந்தியில எந்திரிக்கிற உரிமையெல்லாம் இருக்கு. அதுக்குத் தெம்பு வேணும்ல?"

மறுநாள் திங்கட்கிழமை அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனேன். வந்ததிலிருந்து அதுதான் முதல் தாமதம். மேலாளர் காரணம் கேட்டார்.

"தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து."

"இந்த ஊர்ல உங்களுக்குத் தங்கச்சி இருக்கா சார்?"

நான் கைபேசியை எடுத்து, காளையோடு நடந்து வரும் என் படத்தைக் காட்டினேன்.