செங்கா வீட்டு விருந்தாளிகள்

விடுமுறைக்கு என்று ஊர்விட்டு ஊர் வந்து, தாங்களே மீன் கழுவி, தாங்களே உருளைக்கிழங்கு தோல் சீவுகிறவர்களை நான் நம்புவதில்லை. சொந்த அடுப்படியிலிருந்து இரண்டு நாள் தப்பிக்கத்தானே மனுஷன் வெளியூர் போகிறான்? ஆனால் லீத் துறைமுகப் பக்கம் எங்கள் படிக்கட்டில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறுகிறவர்கள் எல்லாம் அந்த ரகம்தான். ஏற வைத்தவள் செங்கா பெட்டிகுரூ.

செங்கா என் எதிர்வீடு, இரண்டாவது மாடி. முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளை வறுவல் பொரித்தவள். "அந்தப் பிள்ளைங்களுக்கு நான் போட்டது சாப்பாடே இல்லடி எஃபி" என்று இன்றைக்கும் என்னிடம் புலம்புவாள். அவள் அம்மா செத்தபின் மேல்மாடி வீடு இவளுக்கு வந்தது. அதைச் சுற்றுலாக்காரர்களுக்கு விட ஆரம்பித்தாள். வெறும் வீடில்லை. மேஜைமேல் ஒரு கூடை இருக்கும்: புகைபோட்ட ஹேடக் மீன், ஓட்ஸ் ரொட்டி, லனார்க் பாலாடைக்கட்டி, ஆட்டு ஈரலும் ஓட்ஸும் திணித்த ஒரு ஹாகிஸ், கட்டுக் கீரை. பக்கத்தில் எந்தக் கடையில் எதை வாங்குவது என்று கைப்பட எழுதிய பட்டியல். அதில் ஒரு வரி: "மஞ்சள் சாயம் போட்ட மீனை வாங்கினால் என் சட்டியில் வைக்காதீர்கள்." அவ்வளவு திமிர். அந்தத் திமிருக்காகவே திரும்பத் திரும்ப வந்தார்கள்.

இந்த ஜூனில், வீட்டை அப்படி விடுவதற்கான உரிமத்தை அவள் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தெருக்கதவில் அறிவிப்பு ஒட்டியாயிற்று. ஆட்சேபம் இருப்பவர்கள் இருபத்தெட்டு நாளுக்குள் நகராட்சிக்கு எழுதலாம். உரிமம் போனால் மேல்வீட்டை விற்பதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. பள்ளிக்கூட ஓய்வூதியத்தில் இரண்டு வீட்டைக் கட்டி மேய்க்க முடியுமா? செங்காவுக்குத் தூக்கம் போயிற்று. பார்க்கிறவன் எல்லாம் எதிரியாகத் தெரிந்தான்.

"தரைத்தளத்து டார்க்வில் எனக்குக் காலை வணக்கம் சொன்னான்டி. பதினோரு வருஷத்துல முதல் தடவை. எழுதிட்டான்னுதானே அர்த்தம்?"

"புதுப் பல் கட்டியிருப்பான். காட்டறதுக்குச் சொல்லியிருப்பான்."

"உனக்கு எல்லாம் கேலி. இந்தப் படியில நீ ஒருத்திதான் எனக்கு சந்தேகமில்லாத ஆளு."

எனக்கோ அவள்மேலேயே சந்தேகம். காரணம், படி அட்டை. எங்கள் படிக்கட்டில் எட்டு வீடு. யார் வீட்டுக் கதவுப்பிடியில் அந்த அட்டை தொங்குகிறதோ, அந்த வாரம் அவர்கள் படி கழுவ வேண்டும். கழுவி முடித்து அடுத்த வீட்டில் மாட்ட வேண்டும். ஏப்ரல் கடைசியில் நான் கழுவிவிட்டு மேல்வீட்டில் மாட்டினேன். அதோடு அட்டையைக் காணோம். எவனோ விருந்தாளி ஞாபகார்த்தமாகச் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதைவிட எரிச்சல், படி சுத்தமாக இருந்தது. சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் பிளீச்சிங் நெடி மூக்கைத் துளைக்கிறது. யார் கழுவியது? ஆள் வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். முதலில் படியை வளைப்பாள், பிறகு ஒவ்வொரு வீடாக வளைத்துப்போடுவாள், கடைசியில் கட்டடம் முழுக்க மீன் அவிக்கிற அந்நியர்கள்.

"அட்டை எங்கடி?" என்று நேரடியாகவே கேட்டேன்.

"வரும் வரும்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அது திருட்டு முழி.

புதன்கிழமை டென்மார்க்கிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கூடையில் இருந்ததை ஒவ்வொன்றாக மோந்து பார்த்து நோட்டில் எழுதுகிறார்கள் என்று செங்காவுக்கு நடுக்கம், நகராட்சி உளவாளிகளோ என்று. நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தேன். கனமான பெட்டியை ஏற்றினார்கள், படியெல்லாம் தடதட. பொறுமை போயிற்று. வியாழக்கிழமை காலையில் ஆட்சேபக் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, தபால்பெட்டியில் போட்டுவிட்டேன். நகல் என் பெயரோடு செங்காவுக்குப் போகும். போகட்டுமே என்றிருந்தது.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவு தட்டினாள். கையில் மூடிபோட்ட சட்டி.

"உளவாளியும் இல்ல, ஒரு மண்ணும் இல்லடி. அவங்க ஊர்ல ரொட்டிக்கடை வெச்சிருக்காங்க. கல்லன் ஸ்கிங்க் வெச்சாங்க பாரு, என் பட்டியலைப் பாத்து. வாயில போடு."

ஊற்றிக் கொடுத்தாள். புகைமீனும் பாலும் கிழங்கும் குழைந்த சூப். அந்நியர்கள் வைத்தது என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு நன்றாக இருந்தது.

செங்கா நாற்காலியில் சாய்ந்து முட்டியைத் தேய்த்தாள். "நாளையோட கெடு முடியுது. இனிமே சொல்றதுக்கென்ன? அட்டை எங்கிட்டதான் இருக்கு."

"உங்கிட்டயா?"

"நான்தான் எடுத்து உள்ள வெச்சேன். கையில இருக்கிற வரைக்கும் என் முறைதானே? ஏழு சனிக்கிழமையா, நீங்கள்லாம் எந்திரிக்கறதுக்கு முன்னாடி நானே கழுவறேன். முட்டி ரெண்டும் போச்சு. விருந்தாளிங்களால படி அழுக்குன்னு எவனும் எழுதிடக்கூடாது பாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரண்டியைக் கீழே வைத்தேன். நகல் தபாலில் வரும்போது பார்க்கட்டும் என்று விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"செங்கா, நான் எழுதிட்டேன். இன்னிக்குக் காலையில போட்டேன்."

முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"விடிஞ்சதும் நகராட்சில போய் நின்னு வாபஸ் வாங்கிடறேன்டி. ஆணையா."

"வாங்குவ. தெரியும்." சட்டியை மூடினாள். எழுந்திருக்க மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து சாயங்காலமும் வந்தேன். அவங்க செஞ்ச ஹாகிஸ் ஒரு தட்டு எடுத்துட்டு. நாலு தடவை தட்டினேன். வீட்டுலதான் இருந்தியா?"

நேற்று கதவிலிருந்த துளை வழியாக அந்தத் தட்டைப் பார்த்தபடி, என்ன காரியம் சாதிக்க வருகிறாளோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"இருந்தேன்" என்றேன்.