மூச்சு விட்ட பிணம்

குரிமோத்தோ தெய்சோ பிணமாக நடிப்பதில் பெயரெடுத்தவர். தொலைக்காட்சி நாடகங்களை நடிக்க நடிக்க அப்படியே ஒளிபரப்பிய காலம் அது. தும்மினால் நாடே பார்த்துவிடும். அசையாமல் கிடக்க அவரை விட்டால் ஆளில்லை. ஆனால் குப்புறக் கிடப்பார்; இல்லையென்றால் பாய் மூடியிருக்கும். முகம் ஒருநாளும் திரையில் வந்ததில்லை.

அவரும் அவர் மனைவி ஃபுசாயே அக்காவும் இருந்த வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். கமாத்தா பேட்டையில் எங்கள் சந்துக்கே ஒரு தொலைக்காட்சி, தோபாஷியின் நூடுல்ஸ் கடையில்.

“தங்கச்சி, உன் வீட்டுக்காரர் நிஜமாவே நடிக்கத்தான் போறாரா? இல்ல குதிரைப் பந்தயத்துக்கா?” என்று தோபாஷி சீண்டுவார்.

“அந்தக் கால் அவரோடதுதாண்ணே. காலுறை நான் தைச்சது” என்பாள் ஃபுசாயே அக்கா. ஒரே ஒரு தடவை முகம் வந்துவிட்டால் போதும் அவளுக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு விதவையின் கதை. தெய்சோ காலையிலேயே சொல்லிவிட்டார்: “ஆசைப்படாத. செத்தவன் மூஞ்சில வெள்ளைத் துணி போடாம விடுவாங்களா?”

அக்கா நல்ல கிமோனோ கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

திரையில் படுக்கை, ஊதுபத்தி, வெள்ளைத் துணி. கதாநாயகி பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். துணி மூக்கருகே மெல்ல எழுந்தது, தாழ்ந்தது. நெஞ்சு ஏறி இறங்காமல் அடக்கத் தெரிந்த மனிதர்தான். ஆனால் ஒத்திகையில் யாரும் துணி போடவில்லை.

“அய்யய்யோ, பிணம் மூச்சு விடுது!” என்றார் தோபாஷி. கடை சிரித்தது.

கதாநாயகியும் பார்த்துவிட்டாள். அழுதபடியே கை நீட்டித் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கேமராவுக்கு வேறு வழியில்லை, நெருங்கி வந்தது. திரை முழுக்கத் தெய்சோ. தாடையில் காலையில் சவரக்கத்தி பட்ட கீறல்கூடத் தெரிந்தது. இமை அசையவில்லை.

“அட, அவரேதான்மா!” தோபாஷி கரண்டியோடு நின்றுவிட்டார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். “பார்த்தாச்சு, போதும். யாராவது அவர எழுப்புங்களேன்.”

யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெய்சோ கேட்டார். “துணி அசைஞ்சிடுச்சு. ரொம்பத் தெரிஞ்சுதா?”

அக்கா அவர் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

“மூஞ்சிய விடுங்க. மூச்சு விட்டீங்களே, அதுதான் நல்லா இருந்துச்சு.”

அதற்கப்புறமும் அவர் பல வருஷம் திரையில் செத்துக்கொண்டிருந்தார். அக்கா மட்டும் கடைப்பக்கம் போவதில்லை. தோபாஷி கூப்பிட்டால், “செத்து முடிச்சிட்டு வரட்டும்ணே” என்று சொல்லிவிட்டு அடுப்பில் சோற்றை ஏற்றுவாள்.