மலையில் வரைந்த சுரங்கம்

போளூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். திருவண்ணாமலையிலிருந்து காலை பாசஞ்சரில் போய் சாயங்கால பாசஞ்சரில் திரும்புவேன். விடைத்தாள் திருத்தியது, கீரை ஆய்ந்தது, தூங்கியது எல்லாம் அந்த ரயிலில்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் ரிட்டயர் ஆனபோது, இனிமேல் அலைச்சல் இல்லை என்று எல்லாரும் வாழ்த்தினார்கள். முதல் திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குக் கையில் பையில்லாமல் சமையலறையில் நின்றேன்.

எங்களுக்கு ஒரே மகன். சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். போன லீவில் வந்தபோது, ஹாம்பர்க்கில் ஒரு பழைய சாமான் கடையில் பார்த்தேன் என்று ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்திருந்தான். உள்ளே உள்ளங்கை நீளத்தில் ஒரு கறுப்பு இன்ஜின், மூன்று பெட்டிகள், வளைந்த தண்டவாளத் துண்டுகள், ஒரு டிரான்ஸ்பார்மர். "ரிட்டயர் ஆனா நீ ரயிலில்லாம இருக்க மாட்டம்மா, வீட்லயே ஓட்டு" என்று சிரித்தான். அப்போது அலமாரி மேலே தூக்கி வைத்ததை இப்போது இறக்கினேன்.

பெட்டியோடு ஓர் இங்கிலீஷ் புத்தகமும் இருந்தது. முதலில் திட்டம் போடு, பிறகு ஆணி அடி என்று அது சொன்னது. எனக்குப் பிடித்த பேச்சு. பின்னறையை அளந்தேன். பத்தடிக்கு எட்டடி. அங்கே என் வீட்டுக்காரரின் மல்லாட்டை மூட்டைகள், வேர்க்கடலைதான், அடுக்கியிருந்தன. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் எங்களுக்கு நிலம் உண்டு, அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூட்டையெல்லாம் நான் வேற எடத்துல போட்டுக்கறேன், நீ உன் ரயில வெச்சுக்கோ" என்று அவரே சொன்னார். ஆறடிக்கு நாலடி மேஜை, அதன்மேல் ஒரு வட்டப் பாதை, ஒரு ஸ்டேஷன், ஒரு கேட். சார்ட் பேப்பரில் காம்பஸ் வைத்து ஒரு வாரம் வரைந்தேன், அழித்தேன், வரைந்தேன்.

ரயில் சுற்றிச் சுற்றி வருவது கண்ணுக்குத் தெரிந்தால் சலித்துப்போகும், பாதி வழியை ஒரு மலைக்குள் மறைத்துவிடு என்றது புத்தகம். அதனால் மூலையில் ஒரு மலை வரைந்தேன். எந்த மலை என்று யோசிக்கவில்லை. பொழுது விடிந்து வாசல் தெளிக்கப் போனால் எதிரில் நிற்கிற மலையைத்தான் கை வரைந்தது. அதன் அடியில் ரயில் நுழைய ஒன்றும் வெளியே வர ஒன்றுமாக இரண்டு அரைவட்டம் போட்டேன்.

மறுநாள் காலை அவர் காபி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"இது நம்ம மலைதானே?"

"ஆமாங்க. நல்லா வந்திருக்கா?"

"இந்த ரெண்டும் இன்னாது?"

"சுரங்கம். ரயில் இது வழியா போயி அது வழியா வரும்."

அவர் காபியைக் குடிக்கவில்லை. டம்ளரை ஜன்னலில் வைத்தார். "மலைய ஓட்ட போடறியா டீச்சரம்மா?" என்றார். கோபம் வந்தால் மட்டும்தான் என்னை டீச்சரம்மா என்பார். என் பதிலுக்கு நிற்காமல் வெளியே போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் பௌர்ணமிதோறும் செருப்பில்லாமல் மலை சுற்றுகிறவர். கல்யாணம் ஆன நாளாக ஒரு பௌர்ணமி தவறியதில்லை. எனக்கும் பக்தி இல்லாமல் இல்லை. சாயங்கால பாசஞ்சரில் மலை தென்பட்டதும் புத்தகத்தை மூடிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள்தான். ஆனால் காகிதம் காகிதம்தானே? வேறு மலையாக வரைந்திருக்கலாம். அவர் கேட்ட விதத்தில் எனக்கும் வீம்பு வந்துவிட்டது. மாற்றவில்லை.

மூட்டைகளை அவர் எடுக்கவில்லை. அடுத்த வாரம் இன்னும் எட்டு மூட்டை வந்து இறங்கியது. சாப்பிட வாங்க, கரண்ட் போயிடுச்சு, தண்ணி வந்துடுச்சு. இதற்கு மேல் பேச்சில்லை.

இதற்கு நடுவில்தான் மகனுடைய கடிதம் வராமல் நின்றது. எந்தத் துறைமுகத்தில் இருந்தாலும் மாதம் ஒன்று தவறாமல் எழுதுவான். ஐந்து வாரம் ஆயிற்று. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் இரண்டு பேருமே வாசலுக்கு வருவோம், ஒருவரை ஒருவர் பார்க்காமல் உள்ளே போவோம். ஒருநாள் மதியம் ரேடியோ செய்தியில், புயலில் ஒரு சரக்குக் கப்பல் காணவில்லை என்றார்கள். கப்பலின் பெயர் சொல்லும்போது கரகரவென்று இரைச்சல். அவர் ரேடியோவைத் தட்டித் தட்டிப் பார்த்தார். செய்தி முடிந்துவிட்டது.

"அந்த ஓட்டைய அழிச்சிடு," என்றார் என்னைப் பார்க்காமல்.

"காகிதத்துல போட்ட கோட்டுக்கும் கடலுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"எனக்குத் தெரியாது. அழி."

"மாட்டேன்."

மறுநாள் அவர் மலை சுற்றப் போனார். பௌர்ணமி இல்லை, ஒன்றும் இல்லை. சித்திரை வெயில், உச்சிப் பொழுது. திரும்பி வந்தபோது இரண்டு பாதத்திலும் கொப்புளம். விளக்கெண்ணெய் தடவப் போனேன். காலை இழுத்துக்கொண்டார்.

ஏழாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் நிலத்துக்குப் போயிருந்தார். தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார். நான் நேரே பின்னறைக்குப் போய், ரப்பரை எடுத்து, இரண்டு அரைவட்டத்தையும் அழித்தேன். தாள் கிழிகிற அளவுக்குத் தேய்த்தேன். பிறகு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். அழிப்பதற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. காரணம் இல்லாமல் ஒரு வரி எழுதினால் மார்க் கிடையாது என்று இருபத்தாறு வருஷம் பிள்ளைகளிடம் சொன்னவள் நான்.

வியாழக்கிழமை காலையில் நானே சொன்னேன்: "மெட்ராஸ்ல கப்பல் கம்பெனி ஆபீஸ் இருக்கு. டிரங்கால் போட்டுக் கேக்கலாம், கிளம்புங்க."

தபால் ஆபீசில் கால் பதிவு செய்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள். போனை நான்தான் எடுத்தேன். மறுமுனையில் ஒரு கிளார்க். கப்பலின் பெயரை எழுத்தெழுத்தாகக் கத்திச் சொன்னேன். "அந்தக் கப்பலாம்மா?" என்று இழுத்தார். "கொஞ்சம் இருங்க." காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

"லைன் கட்டாயிடுச்சு. திரும்பப் போடறேன், உக்காருங்க," என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"இன்னா சொன்னான்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"அந்தக் கப்பலாம்மான்னு கேட்டார்."

"ஏன் அப்பிடிக் கேட்டான்?"

எனக்குத் தெரியவில்லை. அவர் முழங்கால்மேல் கையை வைத்தேன், நாலு பேர் பார்க்கிற இடம் என்றும் பார்க்காமல். "அழிச்சிட்டேங்க," என்றேன். "செவ்வாய்க்கிழமையே." அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அரைமணி கழித்து மறுபடி மணி அடித்தது. மறுமுனையில் அதே கிளார்க். "கப்பல் பத்திரமா இருக்கும்மா. இன்ஜின் ரிப்பேர். மூணு வாரமா ஒரு துறைமுகத்துல நிக்குது. அந்த ஊர்ல தபால் ஸ்டிரைக்காம். எல்லாரும் சௌக்கியம்." நான் போன் கூண்டின் கண்ணாடி வழியே அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார்.

திரும்பி நடக்கும்போது மலை எதிரே இருந்தது. அவர் நின்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். "பாத்தியா," என்றார். "செவ்வாக்கெழம அழிச்ச, இன்னிக்கி சேதி வந்துடுச்சு."

அத்தனை நாள் பயமும் எனக்குக் கோபமாகத் திரும்பியது. நடுத்தெருவில் நின்றுவிட்டேன். "மூணு வாரமா அவன் கரையில இருக்கான். நான் அழிச்சு ரெண்டு நாள்தான் ஆச்சு. ஓட்டை இருந்தப்பவும் அவன் நல்லாத்தான் இருந்தான். கணக்குப் போட்டுப் பாருங்க!"

ஒரு ஜட்கா வண்டி எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவர் மெதுவாக, "பயந்துட்டேன்டி," என்றார். "உன் கோட்டப் பாத்து இல்ல. எதையாவது ஒண்ணு நிறுத்தணும்போல இருந்துச்சு."

"நானும்தான். இல்லன்னா எதுக்கு அழிச்சேன்?"

சுரங்கத்தை நான் மறுபடி வரையவில்லை. மலையையே திட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். சுரங்கம் இல்லாத மலையால் எனக்குப் பிரயோஜனமில்லை, சுரங்கம் உள்ள மலையை அவரால் பார்க்க முடியாது. அந்த மூலையில் இரண்டு பக்கமும் திறந்த நீளமான கூட்ஸ் ஷெட் ஒன்று போட்டேன். யார் ஜெயித்தது என்ற பேச்சை இருவருமே எடுக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும்.

ஆனியில், பின்னறை மூட்டைகளை அவர் வேறிடத்துக்கு மாற்றிய பிறகு, ஆசாரி மேஜையைச் செய்து மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். கால்களையும் கழற்ற முடியாதபடி அடித்துச் சேர்த்திருந்தார். வாசல் தாண்டிக் கூடம்வரை வந்துவிட்டது. பின்னறைக்குப் போகிற நடையில் திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தோம், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தோம், மறுபடி கூடத்துக்கே வந்தோம். நான் அறையை அளந்திருந்தேன், தண்டவாளத்தை அங்குல அங்குலமாக அளந்திருந்தேன், நடையை அளக்கவில்லை.

"கணக்கு டீச்சரு!" என்றார் என் வீட்டுக்காரர். சிரிப்பை அடக்க முடியாமல் மேஜையின் ஒரு மூலையைக் கீழே வைத்துவிட்டார். ஆசாரி கால்களை அறுக்கட்டுமா என்று ரம்பத்தை எடுத்தார்.

"வேணாம், வேணாம். கூடத்துலயே கெடக்கட்டும்," என்றார் அவர். "இன்னும் கொஞ்சம் செவுத்தோரமா தள்ளுப்பா."