மூன்று வரிசைச் செங்கல்

எங்கள் வீட்டுக் கொல்லைக் குளத்தில் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்!

சிரிக்காதீர்கள். பழைய கொசுவலைத் துணியில் கட்டின ஒரு மூட்டை, உள்ளே கல்லோடு, உங்கள் வீட்டுத் தண்ணீரில் கிடந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? இரண்டு மாதத்துக்கு முன் நானும் அதைத்தான் நினைத்தேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை செய்கிறவன் வீட்டில் உடைசலுக்கா பஞ்சம்? அந்தச் சில்லுகளைப் பதித்து நானே கட்டின குட்டிக் குளம் அது. ஆறு மீன், ஒரு அல்லி. மீனுக்குப் பொரி போடாமல் என் மனைவி சரோஜா காபி குடிக்க மாட்டாள்.

இந்தக் கோடையில் அதில் நூல் நூலாகப் பாசி பிடித்தது. குச்சியை விட்டுச் சுற்றினால் சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி வரும். எடுத்த நாலாம் நாள் திரும்பவும் அடைத்துக்கொள்ளும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. இரண்டு செத்தும் போயின. மயில்துத்தம் போட்டால் பாசி ஒழியும்... கூடவே மீனும் ஒழியும்.

பக்கத்து வீட்டு ஜமால் பாய், தோளில் டிரான்சிஸ்டர் தொங்க, மதில் வழியே எட்டிப் பார்த்தார். கப் அண்ட் சாசர் வியாபாரி. சரக்கு உடையாமல் வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடைத்து வெளியூருக்கு அனுப்புகிறவர்.

"கொஞ்சம் வைக்கோல போட்டு வைங்க சார். எங்க வூட்டுத் தண்ணித் தொட்டில அது வுழுந்து கெடக்குது, பாசியே இல்ல."

வைக்கோல் போட்டால் பாசி போகுமா? யாரிடம் கதை விடுகிறார்? பெட்டிக்கு ஆகாத குப்பையை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. "பாக்கலாம் பாய்" என்று நழுவிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அந்த மூட்டை.

"ஏங்க, அவுத்துப் பாக்காதீங்க!" என்று சரோஜா அலறினாள். நான் பகுத்தறிவு பேசுகிறவன்... ஆனாலும் கையால் தொடவில்லை. கழியால் தூக்கிக் குப்பையில் எறிந்தேன். மறுநாள் இன்னொன்று! மதிலோ குட்டை. அந்தப் பக்கம் பாய் வீடு. வேறு யார்? வருஷா வருஷம் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புகிற மனுஷன்... சரோஜா அவர் வீட்டம்மாவோடு பேச்சை நிறுத்தினாள். நான் கொத்தனாரைக் கூப்பிட்டேன். ஒரே நாளில் மதிலில் மூன்று வரிசைச் செங்கல் ஏறியது.

அன்று சாயங்காலம் பாய் வாசல் வழியாக வந்தார். கையில் மூன்றாவது மூட்டை!

"மதில ஏத்திட்டீங்க, மூட்டைய எறக்கி வுட கழி எட்டல சார். இதையாவது தூக்கிப் போட்டுறாதீங்க."

"என்ன பாய் இது?"

"வைக்கோலுதான், வேற என்ன? சொன்னா கேக்க மாட்டேங்கிறீங்க. மீனு வாயப் பொளந்துக்கிட்டு கெடக்குது, பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியுதா? கல்லு இல்லாட்டி மெதக்கும்னு வச்சிக் கட்டினேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. அவர் குனிந்து குளத்தைப் பார்த்தார்.

"அல்லிக்கு ஒரம் கிரம் போடுறீங்களா சார்? இல்லாட்டி பாசி இப்பிடி வளராதே."

"சேச்சே, ஒண்ணுமில்ல" என்றேன்.

பொய். பீங்கான் கலவையில் சேர்க்கிற எலும்புச் சாம்பல் சூளைக்கொட்டகையில் சிந்திக் கிடக்கும். அதைக் கூட்டி அள்ளி வந்து வாராவாரம் ஒரு பிடி அல்லிக்குத் தூவினவன் நான்தான். எங்கள் ஆட்கள் ரோஜாச் செடிக்குப் போடுவது அது. தண்ணீரில் தூவினால் பாசிக்கு விருந்து என்று எவனுக்குத் தோன்றியது? ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேனே, என் கையை ஒரு தரம் சந்தேகப்பட்டேனா?

சாம்பலை நிறுத்தினேன். தினமும் பாசியைக் குச்சியில் சுற்றி எடுத்தேன். வைக்கோல் ஊறி, தண்ணீர் முதலில் டீ நிறத்துக்கு வந்து, பிறகு மெல்லத் தெளிந்தது. இப்போது நாலு மீனும் அடியில் ஓடுவது தெரிகிறது.

வைக்கோல் மாற்றுகிற நாளில் பாய் புது மூட்டையை மதிலுக்கு மேலாக நீட்டுகிறார் — அந்தப் பக்கம் ஒரு சரக்குப் பெட்டியைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று. அறுபது வயசு. மதில் ஏன் உயர்ந்தது என்று இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியைப் பாய் தவறாமல் படிக்கிறவர். செய்வினைக் கதையும் சாம்பல் விஷயமும் இதோ, இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது.

மன்னிச்சுக்கோங்க பாய். மூணு வரிசையையும் இறக்க ஞாயித்துக்கிழமை கொத்தனார் வரார்... அதுவரைக்கும் அந்தப் பெட்டி மேல ஏறாதீங்க.